கோடைவாசிப்பும் பால்புதுமை நூல்களும்: வித்துரா வாசகசாலைப் பட்டியல் ஒன்றை முன்வைத்து

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் வித்துரா. நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. ஊரைக் கடந்து போனக்காடு நோக்கிச் சென்றால் தேயிலைத் தோட்டங்களும், அவற்றை நம்பிப் பல தலைமுறைக்கு முன் மலையேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் எதிர்ப்படும். அதற்கும் அப்பால் அகத்தியர் மலை. தமிழ் இலக்கணத்தின் முதலாசிரியர் வீற்றிருக்கும் பொதிகை என்று மரபு போற்றுவது அதனையே. (உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த பின்னர், 2019 சனவரியில்தான் பெண்கள் முறையான அனுமதியுடன் அதன் உச்சிக்கு ஏறினர் என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு முற்றிலும் புறம்பானதன்று.)

இவ்வூரின் வாசகசாலை ஒன்று ஏப்ரல், மே கோடை விடுமுறைக்கென நூற்பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டுவது வழக்கம். மலையாள நூல்களை அவர்களே தெரிவு செய்வர். சிறிய தமிழ் அலமாரிக்குரிய பட்டியலை, விடுமுறைக்கு ஊர் திரும்பும் தமிழாசிரியர் எவரேனும் எழுதித் தருவர். சென்ற கோடையில் அப்பொறுப்பு இக்கட்டுரையாளரிடம் வந்தது. பட்டியலின் பொருளை வாசகசாலையே வரையறுத்திருந்தது: திருநர், தன்பாலீர்ப்பினர் உள்ளிட்ட பால்புதுமையினர் வாழ்வைப் பேசும் நூல்கள். வாசகர் கருத்துப் பதிவேட்டில், தம்மைப் போன்றோரைப் பற்றிய தமிழ் நூல் எதுவும் இங்கு உண்டா என்று ஒருவர் கையொப்பமின்றிக் கேட்டிருந்ததே அதற்குக் காரணம்.

முதற்பட்டியலை அரைமணி நேரத்தில் எழுதி முடிக்க முடிந்தது. மூன்று சமூகவியல் ஆய்வுகள், கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று, நலத்திட்டக் கையேடு ஒன்று, இறுதியில் இரண்டு நாவல்கள். அதனைப் படித்துப் பார்த்த நூலகர், இவை இவர்களைப் பற்றி மற்றவர்கள் அறிந்துகொள்வதற்கான நூல்களா, இவர்களே படிப்பதற்கான நூல்களா என்று வினவினார். பத்தாண்டுக் காலம் ‘விளிம்புநிலை இலக்கியம்’ என்னும் தாளைக் கற்பித்த எவரும் தம்மிடம் கேட்டுக்கொள்ளாத வினா அது. இரண்டாம் பட்டியலுக்கு ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஐந்து வாரங்களில் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

எண்ணும் இடமும்

நூலகத்தில் நூலின் இடத்தை எண் தீர்மானிக்கிறது. தூவியின் தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. தன்பாலீர்ப்பு முதலியன 306.76 என்னும் சமூகவியல் எண்ணின்கீழ் வரும். இந்த எண்ணுக்கே ஒரு வரலாறு உண்டு. 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் தன்பாலீர்ப்பு மனநோய்க்குரிய பகுப்பில் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் நரம்பு நோய், சமூகநலச் சிக்கல் எனப் பல இடங்கள் மாறியே இன்றைய இடத்தை அடைந்தது. நோயிலிருந்து சமூகத்திற்கு வந்துசேர்ந்தது முன்னேற்றம்தான். ஆயினும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007) இந்த வாசகசாலையில் 306இல் இருந்தது, சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ 894இல் இருந்தது. பிறர் எழுதினால் இலக்கியம், தாமே எழுதினால் சமூகவியல் என்பது இந்த வைப்புமுறையின் பொருளாகிறது. நூலகரைக் குறை கூறுவதற்கில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்துவருவதும் இதுவே. ‘வெள்ளை மொழி’யின் உரைநடையை ஆராய விரும்பிய மாணவி ஒருவரின் தலைப்பு, திருநங்கையரின் சமூகச் சிக்கல்கள் என்று திருத்தப்பட்டதை இக்கட்டுரையாளர் நேரில் கண்டதுண்டு. திருத்திய குழுவில் இளைய உறுப்பினராக அமர்ந்து வாளாவிருந்ததும் உண்டு.

1970இல் அமெரிக்க நூலகச் சங்கத்தில் தன்பாலீர்ப்பினர்க்கான செயற்குழு ஒன்று உருவானது. நூலகராக இல்லாதபோதும் அதனை முன்னின்று நடத்திய பார்பரா கிட்டிங்ஸ், பல ஆண்டுகள் செய்த முதன்மைப் பணி ஒரு நூற்பட்டியலைத் தொகுத்து வெளியிட்டதாகும். இளமையில் தம்மைப் பற்றி அறிய நூலகங்களுக்குச் சென்று, நோயியல் நூல்களையே கண்டவர் அவர். வாசகருக்கு உரிய நூலும் நூலுக்கு உரிய வாசகரும் சந்திக்க வேண்டும் என்பதைச் சாரமாகக் கொண்ட விதிகளை 1931லேயே வகுத்தளித்த சீர்காழி இரங்கநாதன் பிறந்த மொழியில், அத்தகைய பட்டியலுக்கு ஒரு கையொப்பமற்ற வேண்டுகோள் தேவைப்பட்டது. மதுரையில் பிரியா பாபு தொடங்கிய திருநங்கையர் ஆவண மையம், நூலகத்துடன் கூடிய விதிவிலக்கான முயற்சி. அவருடைய ‘அரவாணிகள் சமூக வரைவியல்’ (2007), ‘மூன்றாம் பாலின் முகம்’ (2008) ஆகிய இரண்டில் முன்னது ஆய்வு, பின்னது நாவல். கோடைப் பட்டியலில் நாவலே இடம்பெற்றது.

ஈறு பற்றிய வினா

தமிழ் வினைமுற்று பாலைச் சுமக்கும். வந்தான், வந்தாள், வந்தது என ஈற்றெழுத்து உரைத்துவிடும். எனவே ஆண், பெண் என்னும் இருமைக்குள் அடங்காத ஒருவரைப் பற்றிப் படர்க்கையில் ஒரு தொடர் எழுதத் தொடங்கியதுமே எழுதுபவர் ஒரு தீர்ப்பை வழங்கியாக வேண்டும். தொல்காப்பியர் இச்சிக்கலை அறிந்திருந்தார். கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்தன்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒருசேர வைத்து, இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளையே இவை கொள்ளும் என்கிறார். பின்னர் முன்னதற்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்றும் வரையறுக்கிறார். உரையாசிரியர்கள் ‘பேடி வந்தாள்’ என எடுத்துக்காட்டுவர். நன்னூலார் மேலும் ஒரு படி செல்கிறார். பெண்மையை நீத்து ஆண்மையை அவாவுவோர் ஆண்பால், ஆண்மையை நீத்துப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவர் கொள்கை. இங்கு அளவுகோல் உடலன்று, அவா. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தன்னுணர்வின் அடிப்படையில் பாலினத்தை ஏற்றதைப் பாராட்டும் நாம், பவணந்தியின் நூற்பாவை வகுப்பில் விரைந்து கடந்துவிடுகிறோம். எனினும் அந்நூற்பாவின் இறுதிப் பகுதியையும் மறைத்தலாகாது. இவ்விருவரும் அஃறிணை போன்றும் வருவர் என்று அது முடிகிறது. முன்னே கொடுத்ததைப் பின்னே பறித்துக்கொள்ளும் முடிவு அது.

யெஸ். பாலபாரதியின் ‘அவன் - அது = அவள்’ என்னும் நாவலின் தலைப்பை இந்தப் பின்னணியில் காணலாம். ‘அது’ என்பது உறுப்பைச் சுட்டும் இடக்கரடக்கல் என்றே பொதுவாகக் கொள்ளப்படும். இலக்கணம் பயின்ற வாசகருக்கு அது அஃறிணைச் சுட்டாகவும் ஒலிக்கும். நூற்றாண்டுகளாக ஒட்டப்பட்ட ஈற்றைக் கழித்தால்தான் ‘அவள்’ கிடைக்கிறாள்.

இக்காலத் தமிழ் இச்சிக்கலைக் கடக்க ஓர் எளிய வழியைக் கண்டுள்ளது. அது ‘அவர்’ என்னும் மரியாதைப் பன்மை. நாளிதழ்களும் அரசாணைகளும் அதனையே கையாள்கின்றன. மதிப்புக்கு மதிப்பும் ஆயிற்று, தீர்ப்பு வழங்கும் பொறுப்பிலிருந்து விடுதலையும் ஆயிற்று. ஆனால் ‘அள்’ என்னும் ஓர் ஈற்றுக்காக வீட்டையும் ஊரையும் இழந்த ஒருவருக்கு ‘ஆர்’ போதுமா என்பது எளிதில் விடைகூற இயலாத வினா. (‘கட்டுரையாளர்’ என்று எழுதிச் செல்லும் ஆய்விதழ் மரபும் அந்த ‘ஆர்’ ஈற்றின் நிழலில் ஒதுங்குவதுதான்.)

சொற்களும் மாறிவந்துள்ளன. வசையாகிப்போன பழஞ்சொல் விலக, அரவாணி வந்தது. அதன்பின் திருநங்கை நிலைபெற்றது. தமிழ்நாட்டரசு 2008இல் நலவாரியம் அமைத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைத் தொடர்ந்து 2022இல் பாலின, பாலீர்ப்புச் சொற்களின் தொகுப்பு அரசிதழில் வெளியாயிற்று. ‘பால்புதுமை’ என்னும் ஆக்கமும் இப்போது பரவிவருகிறது. தொல்காப்பியத்திலேயே பேசப்பட்ட ஒன்றுக்குப் ‘புதுமை’ என்று பெயரிடுவதில் இக்கட்டுரையாளருக்குச் சிறு தயக்கம் உண்டு. வேறு சொல்லைத் தர இயலாததால் அதனையே ஆள்கிறது இக்கட்டுரை.

படர்க்கையில் எழுதப்பட்டவை

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் தெருவில் ஆடும் பேடியைச் சுற்றி நின்று காண்போர் உள்ளனர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் ஒன்று பேடு. இரண்டிலும் அவர்கள் காணப்படுபவர்கள்; பேசுபவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டுப் புனைகதையின் தொடக்க முயற்சிகளும் இந்த நிலையைப் பெரிதும் தாண்டவில்லை. ஆயினும் ஒரு விதிவிலக்கு உண்டு.

கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ அளவில் சிறிய கதை. பெண்களோடு பெண்ணாகப் பழகும், சமையலில் கைதேர்ந்த ஒருவர் ஓர் ஆணின்மீது கொள்ளும் விருப்பமே கதை. கி.ரா. இங்கு விளக்கம் எதுவும் தருவதில்லை, காரணம் தேடுவதில்லை, மருத்துவரையோ புராணத்தையோ துணைக்கழைப்பதில்லை. கோமதிசெட்டியார் என்னும் பெயரிலேயே, பெண்ணுக்குரிய இயற்பெயரும் ஆணுக்குரிய சாதிப்பட்டமும் கரிசல் வழக்கில் இயல்பாகக் கூடிநிற்கின்றன. ஊரார் சிரிக்கின்றனர். கதை சிரிப்பவர்களோடு சேர்ந்துகொள்வதில்லை, சிரித்தவர்களைக் கண்டிப்பதுமில்லை. கோமதியின் கைப்பக்குவத்தில் வெளிப்படும் ஆசையை மட்டும் அது பின்தொடர்கிறது. பட்டியலின் முதலிடம் இக்கதைக்கே தரப்பட்டது. அரைமணி நேரத்தில் படித்துவிடலாம் என்பதும், வீட்டில் எவர் கண்டாலும் கி.ரா. கதைத் தொகுதி என்று மட்டுமே தெரியும் என்பதும் கருத்திற்கொள்ளப்பட்டன. கையொப்பமிடாத வாசகருக்கு நூலின் அட்டையும் ஒரு செய்தி.

‘வாடாமல்லி’ வேறு வகை. ஆனந்த விகடனில் தொடராக வந்து பெருந்திரளான வாசகரை அடைந்த நாவல் அது. திருநங்கையர் வாழ்வைத் தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்குக் கொண்டுசேர்த்ததில் அதற்கு இணையான பிறிதொன்றில்லை. ‘வேரில் பழுத்த பலா’வுக்காக 1990இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சமுத்திரம், களத்துக்குச் சென்று கண்டும் கேட்டும் எழுதியவர். அவருடைய கோபம் உண்மையானது. குறை என்று கூறத்தக்கது அவருடைய இரக்கத்தின் மிகுதி. பாத்திரம் துன்புறும் ஒவ்வோரிடத்திலும் ஆசிரியர் முந்திக்கொண்டு வாசகரை நோக்கித் திரும்பிவிடுகிறார். துன்பத்தை வாசகரே கண்டடைவதற்குள் அதற்கான நியாயம் கோரப்பட்டுவிடுகிறது. சுயம்பு என்னும் பெயரில் தொடங்கும் பாத்திரம் மேகலை என்னும் பெயரை அடைகிறது. ஆசிரியர் கூற்றில் எந்தப் பக்கத்தில் சுட்டும் வினைமுற்றும் மாறுகின்றன, அந்த மாற்றத்தை நிகழ்த்துவது எது என்று குறித்துக்கொண்டு படிப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. வாசகசாலைப் படியில் முன்பே ஒருவர் அதனைச் செய்திருந்தார். தொடக்க இயல்களில் சில இடங்களில் ‘அவன்’ என்பதன் கடைசி எழுத்தை மட்டும் பென்சிலால் அடித்து, மேலே ‘ள்’ என்று எழுதியிருந்தார். ஆறேழு பக்கங்களுக்குப் பின் திருத்தம் நின்றுவிடுகிறது. சலித்துப்போனாரா, கதை ஈர்த்துக்கொண்டதா என்பது தெரியவில்லை. அப்படியை மாற்றாமல் அப்படியே இருப்பில் வைக்குமாறு நூலகரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது.

கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ (1978) பற்றியே நீண்ட தயக்கம் இருந்தது. ஆணோடு ஆண் கொள்ளும் உறவைத் தமிழ் நாவலில் ஒளிவுமறைவின்றி எழுதிய தொடக்கப் படைப்புகளுள் அது ஒன்று. கணேசனின் உடல் பிறர் பசிக்கு உணவாவதையும், பின்னர் அவ்வுடல் தொழுநோயால் சிதைவதையும் ஆசிரியர் கூசாமல் சொல்லிச் செல்கிறார். நாவலின் அறவுணர்வு ஆழமானது. கணேசனைவிடக் கிட்டாவின் பொருட்பசியே அதில் கடுமையாக விசாரிக்கப்படுகிறது. இவ்வாறிருந்தும், விருப்பத்தையும் நோயையும் ஒருடலில் அடுத்தடுத்து வைக்கும் அமைப்பைத் தண்டனை என்று ஓர் இளைய வாசகர் பொருள்கொண்டுவிடக்கூடும். திறனாய்வாளருக்கு முதன்மையான நூல் தனித்திருக்கும் வாசகருக்கு முதல் நூலாக வேண்டியதில்லை. அது பட்டியலில் உண்டு, கடைசியில் உண்டு.

தன்மையில் எழுதப்பட்டவை

வந்தான், வந்தாள் எனப் பாலைச் சுமக்கும் அதே தமிழில், ‘வந்தேன்’ என்பதற்குப் பால் இல்லை. தன்மை ஒருமை ஈறு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ‘நான்’ என்று தொடங்கும் கணத்தில், படர்க்கையில் பிறர் வழங்கிவந்த தீர்ப்பிலிருந்து எழுதுபவர் விடுபடுகிறார். திருநங்கையர் எழுத்து தன்வரலாறாகவே பெருகியமைக்குச் சமூகக் காரணங்கள் பல கூறப்பட்டுள்ளன. இந்த இலக்கணக் காரணமும் அவற்றோடு எண்ணத்தக்கது. ‘நான், வித்யா’ என்னும் தலைப்பு ‘நான்’ என்பதைத் தனியே நிறுத்தி, காற்புள்ளியிட்டு, அதன்பின்னரே பெயரைச் சொல்கிறது. கல்கி சுப்ரமணியத்தின் கவிதைத் தொகுப்புக்கு ‘குறி அறுத்தேன்’ என்று பெயர். பால் காட்டும் உறுப்பை நீக்கியதைப் பால் காட்டாத ஈற்றில் முடியும் வினைமுற்று அறிவிக்கிறது. இவை திட்டமிட்ட இலக்கண விளையாட்டுகள் என்பது இங்குக் கருத்தன்று. வித்யா தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர் என்பதை மட்டும் நினைவிற்கொள்ளலாம்.

இத்தகைய நூல்களில் பால் எங்கே நுழைகிறது எனின், பிறர் வாயில். ‘டா’, ‘டி’ என்னும் விளிகளில், அண்ணன், தம்பி என்னும் உறவுச்சொற்களில், சான்றிதழ்களில், பேருந்து நடத்துநரின் அழைப்பில். எடுத்துரைப்பு பாலற்ற ‘ஏன்’ ஈற்றில் அமைதியாகச் செல்ல, உரையாடல் வந்தவுடன் ஈறுகள் தாக்குகின்றன. எடுத்துரைப்புக்கும் உரையாடலுக்கும் இடையிலான இந்த உரசலே ‘நான், வித்யா’வின் நடையழகு. சமூகச் சிக்கல்களைத் தொகுக்கும் ஆய்வேடு எதிலும் இது அகப்படாது.

ஆ. ரேவதியின் பணி இன்னும் விரிவானது. ‘உணர்வும் உருவமும்’ (2004) பிறருடைய வாழ்க்கைக் கதைகளை அவர்கள் சொற்களிலேயே தொகுத்தது. அவருடைய தன்வரலாறு தமிழில் எழுதப்பட்டும், வ. கீதாவின் ஆங்கில மொழியாக்கமாகவே 2010இல் முதலில் வெளிவந்தது. தமிழ் மூலம் ‘வெள்ளை மொழி’ என்னும் பெயரில் 2011இல் வந்தது. நாமக்கல் பகுதிச் சிற்றூர், தில்லி, மும்பை, பெங்களூரு என நகரும் இந்நூலில் அணிகளுக்கு இடமில்லை. அடிபட்டதைச் சொல்லும் தொடரும் சமைத்ததைச் சொல்லும் தொடரும் ஒரே தொனியில் அமைகின்றன. வாடாமல்லியில் ஆசிரியர் வாசகரை நோக்கித் திரும்பும் இடங்களில், ரேவதி அடுத்த நிகழ்ச்சிக்குச் சென்றுவிடுகிறார். இந்த நிதானத்தை ‘எளிய நடை’ என்று ஒற்றைச் சொல்லில் மதிப்பிட்டுவிடுதல் தகாது. அவருடைய தலைப்பே அவ்வெளிமையைத் தெரிந்தெடுத்ததாக அறிவிக்கிறது.

சொல்லாட்சியிலும் இந்நூல்கள் தமிழுக்குத் தந்தவை உண்டு. ‘நிர்வாணம்’ என்னும் சொல்லுக்கு ஆடையின்மை, வீடுபேறு என இரு பொருளை அகராதி தரும். திருநங்கையர் வழக்கில் அது பெண்ணுடலாக மாறும் அறுவையைக் குறிக்கிறது. முன்னைய இரு பொருளும் அதனுள் மறைந்து நிற்கின்றன. ‘பாம்படுத்தி’ என்னும் வணக்கச்சொல், குரு, சேலா, நானி என விரியும் உறவுமுறை ஆகியன, பிறந்த வீடு துரத்திய இடத்தில் சொற்களாலேயே கட்டப்பட்ட மற்றொரு வீடு எனலாம். வட்டார வழக்கு அகராதிகளைப் பதிப்பிக்கும் தமிழ்த்துறைகள் இவ்வழக்கையும் தொகுத்தல் வேண்டும்.

2019இல் நியூயார்க்கு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலக முகப்பில் ஒரு பதாகை தொங்கவிடப்பட்டது. ஓமர், பிளாட்டோ முதலிய ஆண்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்ட அந்த முகப்பில், டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ முதலிய பெண்களின் பெயர்களோடு ஆ. ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. அப்பதாகையில் அவர் எழுத்தாளர். 306ஆம் எண் அலமாரியில் அவர் ஒரு தரவு.

மாறாத உடலின் கதை

இவ்வாறு எண்ணிக்கொண்டு வருகையில் பட்டியலின் பெருங்குறை புலப்பட்டது. பெரும்பாலான நூல்கள் திருநங்கையரைப் பற்றியவை. தமிழ் வாசகர் ஓர் உடல் மற்றோருடலாக மாறும் கதையை ஏற்கப் பழகியுள்ளனர். அரவான் கதையும், ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவில் கூவாகத்தில் கூடும் திருவிழாவும் அதற்கு ஒரு புராணச் சட்டகத்தைத் தந்துள்ளன. ஆணாகவே இருந்து ஆணை விரும்புவதும், பெண்ணாகவே இருந்து பெண்ணை விரும்புவதும் இச்சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. ஈறு மாறுவதில்லை, செயப்படுபொருள் மட்டுமே மாறுகிறது. ‘அவளை விரும்பினேன்’ என்பதும் ‘அவனை விரும்பினேன்’ என்பதும் இலக்கணத்துக்கு ஒன்றே, ஊருக்கு ஒன்றல்ல.

ஆகவே கிரீஷின் ‘விடுபட்டவை’ (2018) பட்டியலின் நடுவில் வைக்கப்பட்டது. கதை, கட்டுரை, கவிதை எனக் கலந்த தொகுப்பு அது. அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. சில பகுதிகள் நாட்குறிப்பின் அளவிலேயே நின்றுவிடுகின்றன. எனினும் தன்பாலீர்ப்பு ஆண் ஒருவர் தம் பெயரில், தம் மொழியில், நகரப் பேருந்தையும் அலுவலகத்தையும் அம்மாவின் சமையலறையையும் எழுதும்போது, அந்த அன்றாடமே புதிது. புராணத்துக்குப் போகாமல், நோய்க்கும் போகாமல் நிகழ்காலத்தில் நிற்கிறது அவ்வெழுத்து. அது வெளிவந்த ஆண்டின் செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கடுமையை நீக்கியது. சியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜியின் கதை. சேலை சுற்றி மணப்பெண் விளையாடும் சிறுவனுக்கு வீடு விதிக்கும் தடையும், 1983இல் நகரம் தமிழர்க்கு விதித்த தீயும் ஒரே நூலில் எரிகின்றன. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதால் கல்லூரி மாணவர்க்கென்று குறிப்பிட்டு இணைக்கப்பட்டது.

பெண்களுக்கிடையிலான காதலுக்கு அந்தத் தமிழ் அலமாரியில் நூல் இல்லை. இரண்டடி தள்ளி மலையாள அலமாரியில் இருந்தது.

இரண்டடி தொலைவு

ஏ. ஆர். இராசராசவர்மா தம் கேரளபாணினீயத்தில் (1896) மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்துக்காட்டும் இயல்புகளுள் ஒன்றாகப் ‘புருஷபேதநிராசம்’ என்பதைக் கூறுவார். வினைமுற்றின் இட, பால் ஈறுகள் உதிர்ந்தமையைக் குறிப்பது அது. ஆண் வந்தாலும் பெண் வந்தாலும் மலையாளத்தில் ‘வந்நு’ என்றே வரும். சுட்டுப்பெயர்களில் பால் உண்டு, வினையில் இல்லை. இதனால் அம்மொழியினர் பால்புதுமையை எளிதில் ஏற்றனர் என்று முடிவுகட்டுவது பேதைமை. 2015இல் இந்திய மாநிலங்களுள் முதலாவதாகத் திருநர் கொள்கையை வெளியிட்ட கேரளத்திலும் வீட்டுக் கதவுகள் தமிழகத்தினும் அகலமாகத் திறந்துவிடவில்லை. ஆயினும் இலக்கியத்தில் சில வாயில்கள் அங்கு முன்னரே திறந்தன.

வி. டி. நந்தகுமாரின் ‘ரண்டு பெண்குட்டிகள்’ 1974இல் வந்தது, 1978இல் திரைப்படமாயிற்று. துணிவான தொடக்கம். முடிவில் இல்லறத்தின் பொதுநெறிக்கே கதை திரும்பிவிடுவதால், இளமையின் கடந்துபோகும் மயக்கமாக அக்காதல் சுருங்கிவிடுகிறது. மாதவிக்குட்டி (கமலா தாஸ்) 1988இல் எழுதிய ‘சந்தனமரங்கள்’ இந்தத் திரும்புதலை ஏற்பதில்லை. திருமணம் நிகழ்கிறது, ஆண்டுகள் கழிகின்றன, மருத்துவத் தொழில் நடக்கிறது. தோழியின்பால் கொண்ட காதல் மட்டும் கடந்துபோக மறுக்கிறது. கற்பனையில் பெரிதாகவும் பக்க அளவில் சிறிதாகவும் உள்ள படைப்பு அது. அதனோடு செரீனாவின் ‘ஒரு மலையாளி ஹிஜடையுடெ ஆத்மகதா’ (2006), கிஷோர் குமாரின் ‘ரண்டு புருஷன்மார் சும்பிக்கும்போள்’ (2017) ஆகியவற்றையும் தமிழ்ப் பட்டியலிலேயே சேர்க்க நூலகர் இசைந்தார். வித்துராவின் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் பள்ளியில் மலையாளமே பயில்கின்றனர். வீட்டில் தமிழ், ஏட்டில் மலையாளம். தமிழில் கேட்ட ஒருவருக்கு மலையாளத்தில் விடை தருவது ஓராசிரியருக்குப் பெருமையன்று; கேட்டவர் காத்திருப்பது அதனினும் மோசம்.

ஒட்டப்பட்ட தாள்

இறுதிப் பட்டியலில் பன்னிரண்டு நூல்கள். ஆய்வு நூல்கள் எவையும் இல்லை. நூல்களை எங்கு வைப்பது என்பதே எஞ்சிய வழக்கு. தனி அலமாரி அமைத்துப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்பது வாசகசாலைக் குழுவில் சிலர் கருத்து. நல்லெண்ணம் நிறைந்த கருத்து. ஆனால் அப்பலகையின்கீழ்ச் சென்று நிற்க, பதிவேட்டில் கையொப்பமிடத் தயங்கிய ஒருவரால் இயலாது. வாசகசாலையின் கதவுக்கு நேர் எதிரே தேநீர்க்கடை இருக்கிறது.

நீண்ட பேச்சுக்குப் பின் ‘நான், வித்யா’வும் ‘வெள்ளை மொழி’யும் 306இலிருந்து எடுக்கப்பட்டு 894.811இல், தமிழ் உரைநடை நூல்களுக்கிடையே, ஆசிரியர் பெயரின் அகரவரிசைப்படி வைக்கப்பட்டன. முதுகில் ஒட்டிய பழைய எண்மீது புதிய தாள் ஒட்டப்பட்டது. 306இல் தேடுவோருக்காக ஒரு குறிப்பட்டை மட்டும் அங்கே விடப்பட்டது. பட்டியல் சுவரில் ஏறியது மே முதல் வாரத்தில். மே இறுதியில் மழைக்கு முன் ஊரிலிருந்து திரும்புகையில் பார்த்தபோது கி.ரா. தொகுதியும் ‘விடுபட்டவை’யும் அலமாரியில் இல்லை. எடுத்துச் சென்றவர் யார் என்று நூலகரும் சொல்லவில்லை, இக்கட்டுரையாளரும் கேட்கவில்லை.